ரிஸ்னா ராத்தா எழுதிய இரண்டு வரிகள்

அன்று சனிக்கிழமை. காலைத் தேநீர் ஆறுவதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மருதமுனையைச் சேர்ந்த இன்னாரின் மகளும் இன்னாரின் தங்கையுமான பாத்திமா ரிஸ்னா வபாத்தாகிவிட்டார் என்று மரண அறிவித்தல் வந்தது. உம்மா என்னைப் பார்த்தார்.

"உங்கட கொம்பியூட்டர் ராத்தாவா புள்ள?"

"ஓம்" என்றேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிஸ்னா ராத்தா எங்கள் பாடசாலைக் கணினி அறையின் உதவியாளராக இருந்தவர். முப்பத்தொரு வயது. ஓராண்டாகச் சிறுநீரக நோயால் அவதிப்பட்டார். முதல் நாள் நாங்கள் "மிஸ்" என்று அழைத்தபோது, "நான் படிப்பிக்கல்லயே, என்னத்துக்கு மிஸ்? ஒங்கட அக்கா மாதிரி, ராத்தா எண்டு கூப்பிடுங்க. மௌஸ ஒடைச்சா மட்டும் மேடம் எண்டு கூப்பிடுங்க" என்றார்.

நான் ஒன்பதாம் ஆண்டில் இருந்தபோது பாடசாலைக்கு முப்பது டெப், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினிகள், அன்பளிப்பாக வந்தன. பழையவை. ஒரு பக்கம் திறப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அவற்றைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கழிவு" என்றார். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று பாடசாலை அதிபர் கேட்டுக்கொண்டதால் நான் எழுதவில்லை. அந்தப் பெயர் கணினி அறை வாசலில் திறப்பு விழாக் கல்லிலேயே பொறித்திருக்கிறது.

ராத்தா அந்த டெப்களுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதாகச் சொன்னார். போடுவதற்கு முன், உள்ளே இருக்கும் சில கோப்புகளைப் பிரதி எடுக்க இரண்டு நாள் கேட்டார். அதிகாரி கொடுக்கவில்லை. "எல்லாத்தையும் இண்டைக்கே அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்க. நான் அறிக்கை அனுப்பணும்" என்றார். இருபத்தொன்பது டெப்களும் அழிக்கப்பட்டன.

லினக்ஸ் அழகாக ஏறியது. வேகமாகவும் திறந்தது. ஆனால் திரையைத் தொட்டால் எதுவும் நடக்கவில்லை. விசைப்பலகை இல்லாத டெப்பில் தொடுதிரை வேலை செய்யாவிட்டால் அது வெறும் கண்ணாடித் தட்டு. தொடுதிரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸில் இருந்தது. அந்தத் திரையின் அளவுகளைச் சொல்லும் ஒரு சிறிய கோப்பு அதற்குத் தேவைப்பட்டது. அந்தக் கோப்பு பழைய இயங்குதளத்துக்குள் இருந்தது. அதைத்தான் அழிக்க வைத்திருந்தார்கள்.

முப்பதாவது டெப் ஒன்று மிஞ்சியிருந்தது. விருந்தினருக்குக் காட்டுவதற்காக, பொலித்தீன் உறை கூடக் கழற்றாமல் அதிபரின் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார்கள். அதைத் தொடக்கூடாது என்பது அதிகாரியின் உத்தரவு. ராத்தா அதிபரிடம் போய் நின்றார். அதிபர் சாவியை மேசையில் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ஒண்டும் பாக்கல்ல" என்றார்.

கோப்பு கிடைத்தது. தொடுதிரைக்கு உணர்வும் வந்தது. ஆனால் தலைகீழாக வந்தது. மேலே இடது மூலையைத் தொட்டால் கீழே வலது மூலை திறந்தது. ராத்தா சிரித்தே விட்டார். "இதுக்கும் நம்மட ஒஃபிசர்மாரப் போல புத்தி" என்றார். பிறகு வாசிகசாலையில் புத்தகத்தோடு இருந்த என்னைக் கூப்பிட்டார். "நீ எந்நேரமும் வாசிக்கிற ஆள்தானே. இந்த நம்பர வாசி." நான்கு நாட்கள் அவர் தொட்டார். திரையில் விழுந்த எண்களை நான் வாசித்து, கட்டக் கொப்பியில் புள்ளி வைத்தேன். ஐந்தாம் நாள் அவர் ஒரு கோப்பில் இரண்டு வரிகள் எழுதினார். ஒன்று இடம் வலத்தைத் திருப்பியது, மற்றது மேல் கீழைத் திருப்பியது. டெப்பை அணைத்துத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் தொட்ட இடமே திறந்தது.

அடுத்த மாதம் அந்த டெப்களோடு கணினி அறைக்குத் திறப்பு விழா நடந்தது. அதிகாரி நாடா வெட்டினார். "கழிவு எண்டு எல்லாரும் ஒதுக்கினத நான்தான் இயங்க வச்சன்" என்று ஒலிவாங்கியில் சொன்னார். ராத்தா கடைசி வரிசையில் நின்று பிள்ளைகளுக்குக் குளிர்பானம் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து நாட்களுக்குள் அவருக்குக் கடிதம் வந்தது. அனுமதியின்றிக் காட்சிப் பொருளைத் திறந்தாராம். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

போகும் நாளில் நான் அழுதேன். அவர் என் கொப்பியை வாங்கி, அந்த இரண்டு வரிகளையும் அவை இருக்கும் இடத்தையும் கடவுச்சொல்லையும் எழுதித் தந்தார்.

"சும்மா விடப் போறீங்களா ராத்தா?" என்றேன்.

"விடாம? கல்லக் கடிக்கவா? பல்லுத்தான் போகும். நான் செஞ்சது ஒனக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜனாஸா தொழுகைக்கும் அடக்கத்துக்கும் போய்வந்த வாப்பா ஒரு செய்தி சொன்னார். தொழுகைக்கு முன் ராத்தாவின் காக்கா, அதாவது அண்ணன், எழுந்து, வழக்கம்போல, "என்ட தங்கச்சி யாருக்கும் மனநோவு செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்று கேட்டாராம். முன் வரிசையிலிருந்து அந்த அதிகாரி எல்லோருக்கும் கேட்கும்படி, "மன்னிச்சிட்டம்" என்றாராம்.

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. அவர் மன்னித்தாராம். ஒரு மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று எங்களுக்கு மத்ரசாவில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ராத்தாவிடம் இனி இவர் எப்படிக் கேட்பார்? அந்தச் சுமையோடு அவர் நீண்ட காலம் வாழட்டும் என்றுதான் என் மனம் கேட்டது. இது நல்ல பிள்ளை எழுதும் வாக்கியம் இல்லை என்று தெரியும். ஆனாலும் அழிக்கமாட்டேன்.

கடந்த புதன்கிழமை பாடசாலையில் ராத்தாவுக்காகத் துஆப் பிரார்த்தனையும் நினைவுக் கூட்டமும் நடந்தன. வருவோர் டெப்பில் விரலால் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். அதிகாரியும் வந்தார். அவருக்கென்று தனியாக ஒரு டெப் வைத்திருந்தேன். அலுமாரியில் இருந்த அந்த முப்பதாவது டெப்தான்; பின்னர் அதற்கும் லினக்ஸ் போட்டிருந்தார்கள்.

அவர் மேலே எழுதினார். கையெழுத்து கீழே தலைகீழாக விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார். மறுபடியும் தலைகீழாகவே விழுந்தது. பின்னால் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்.

"என்ன மகள் இது, பழுதா?"

"பழுதில்ல சேர். ரிஸ்னா ராத்தா எழுதின ரெண்டு வரிய எடுத்துட்டன். நீங்கதானே இயங்க வச்சீங்க. சரியாக்கித் தாங்க."

அவருடைய விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. அவர் அதிபரைப் பார்த்தார். அதிபர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"நான் ஒண்டும் பாக்கல்ல" என்றார் அதிபர்.

அதிகாரி கையெழுத்திடாமலேயே போய்விட்டார். நான் கொப்பியைப் பார்த்து அந்த இரண்டு வரிகளையும் திரும்ப எழுதினேன். டெப்பை அணைத்துத் திறந்தேன். பிறகு அந்த டெப்பில் முதல் ஆளாக, மேலே இடது மூலையில், உங்கள் பெயரை எழுதினேன் ராத்தா. தொட்ட இடத்திலேயே, நேராக விழுந்தது.

போய் வாருங்கள். நீங்கள் செய்தது இப்போது எல்லோருக்கும் தெரியும்.