எங்க அறுத்தது?

ஒற்றை ஆளுக்குச் சமைப்பதைப் போல எரிச்சலான வேலை வேறு இல்லை. ஒரு கைப்பிடி பருப்பு வேக வைத்தாலும் மூன்று வேளைக்கு வரும். குழம்பு வைத்தால் மறுநாளும் அதுதான், அதற்கு மறுநாளும் அதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு பாதி நாள் மோர் சாதமும் ஊறுகாயும்தான். அப்பளம்கூடக் கிடையாது. ஒரே ஒரு அப்பளத்துக்காக எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிற பொறுமை எனக்கு இல்லை. பிள்ளை குட்டி இல்லாதவள், யாரைக் குற்றம் சொல்ல?

என் வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. பக்கத்து வீடு பாயம்மா வீடு. இரண்டுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். பாயம்மா என்பது தெருவே கூப்பிடுகிற பெயர், எனக்கு அவர் அக்கா. அவருடைய வீட்டுக்காரரை எல்லோரையும் போல நானும் பாய் என்றே சொல்வேன். கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். என்னை வாய் நிறையத் தங்கச்சி என்பார். போன மாசியில், காலைத் தொழுகை முடித்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

கணவர் இறந்தால் அவர்கள் வழக்கத்தில் மனைவி நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இத்தா என்பார்கள். வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது, பெண்கள் போய்வரலாம். ஆகவே தினமும் மத்தியானம் நான் போய் உட்கார்ந்தேன். அக்கா வெள்ளைப் புடவையில் கட்டில் ஓரமாக இருப்பார். நான் தரையில் கால் நீட்டிக்கொண்டு ஊர்க்கதை சொல்வேன். சொன்னால் தப்பாக நினைப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு அந்த நாலு மாதமும் நன்றாக இருந்தது. அதற்கு முன்னால் அக்காவுக்கு ஆயிரம் வேலை, கல்யாணம், காதுகுத்து, புதுச்சேரிக்கு ஜவுளி எடுக்கப் போவது. இப்போது அவரால் எங்கும் போக முடியாது. எப்போது போனாலும் இருந்தார். இறந்தவர் பாய், இழந்தவர் அக்கா, நடுவில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றால் என்ன ஜென்மமோ நான்.

அவர் சாப்பிடுவதுதான் இல்லை. கஞ்சி இரண்டு ஸ்பூன், டீ அரை கிளாஸ். எதைக் கொண்டுபோனாலும், "வச்சிட்டுப் போடி, அப்பறமா சாப்புடறேன்" என்பார். மறுநாள் அது அப்படியே இருக்கும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் சென்னையில் இருக்கும் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஏதோ சமையல் வீடியோ அனுப்பியிருந்தாள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வான்கோழிக் கறியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சிவப்பாக ஒரு சாஸைப் புரட்டி, ஏர் ஃபிரையரில் போட்டு எடுத்தாள். பல் குத்துகிற குச்சியால் குத்திக் குத்திச் சாப்பிட்டாள். பார்பிக்யூ டர்க்கி பைட்ஸ் என்று அதற்குப் பெயர்.

அக்கா போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னாடி இது, வான்கோழிய இப்பிடிக்கூட செய்வாங்களா? இது எப்பிடி இருக்கும்னு தின்னு பாக்கணுமே."

மாசியிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆசை அது. நான் கப்பென்று பிடித்துக்கொண்டேன். "நான் செஞ்சு தர்றேன்கா. ஆனா அந்த மெஷினுக்கு எங்க போறது?"

"இங்கயே இருக்குதுடி. பாய்க்கு எண்ணெய் ஆவாதுன்னு டாக்டர் சொன்னப்ப மக வாங்கியாந்தா. பொட்டியகூட பிரிக்கல. அலமாரி மேல இருக்குது பாரு, நீயே எடுத்துக்கோ."

"எடுத்துக்கோன்னா? உங்களுக்கு வேணாமா?"

"எனக்கு எதுக்கு? மக வீட்ல ஒண்ணு இருக்குது."

மகள் வீட்டில் இருந்தால் இவருக்கு என்ன என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இத்தா முடிந்த மறுநாளே மகளும் மருமகனும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்களாம். வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களோடு போய்விடுவதாம். "ஒண்டியா எப்பிடிம்மா இருப்பன்னு கேக்கறாடி" என்றார். நான் ஒண்டியாகத்தான் இருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே நினைவில் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதன்மேல் அப்படி ஒரு கோபம். அதே சமயம் மனசுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. இங்கே ஒரு நாளாவது அக்கா ஆசையாக, வயிறாரச் சாப்பிட்டுவிட்டால், இங்கேயும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றாதா? பைத்தியக்காரத்தனம்தான். வான்கோழிக் கறிக்காக எந்தத் தாயாவது மகள் வீட்டுக்குப் போகாமல் இருப்பாளா? ஆனால் தனியாக இருக்கிறவளுக்கு இந்த மாதிரி கணக்குகளைத் தப்பு என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது.

வான்கோழிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பிரம்மதேசத்தில் என் தம்பி மாட்டுக்கொட்டகைப் பக்கம் நாலைந்து வளர்க்கிறான். பஸ் ஏறிப் போனேன்.

"உனக்கு ஒருத்திக்கு எதுக்குக்கா இம்மாம் பெரிய கோழி?" என்றான்.

"ஒருத்திக்கு இல்லடா. ரெண்டு பேருக்கு." அதைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

உயிரோடு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று அவனே அறுத்து, சுத்தம் செய்து, நெஞ்சுக்கறியை எலும்பில்லாமல் தனியாக எடுத்துத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தான். வருகிற வழியெல்லாம் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரையும் எதற்கும் கெஞ்சாமல் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கறியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, தயிரும் உப்பும் மிளகும் போட்டு ஊற வைத்தேன். வான்கோழி நெஞ்சுக்கறி கொஞ்சம் ஏமாந்தால் சக்கையாகிவிடும், தயிர்தான் அதைக் காப்பாற்றும். பார்பிக்யூ சாஸுக்கு எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். தக்காளி சாஸ், வெல்லம், வினிகர், மிளகாய்த்தூள், தட்டிய பூண்டு எல்லாம் சேர்த்துக் கொதிக்க விட்டு நானே ஒன்று செய்தேன். ருசி பார்த்தேன். மோசமில்லை.

மெஷினின் பிளக் தடித்தடியான மூன்று பின் உள்ளது. சமையலறையில் அது நுழைகிற பாயிண்ட் இல்லை. வீட்டிலேயே பவர் பிளக் ஒன்றுதான், பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் போட்டது. அதுவும் உப்புக் காற்றில் துரு ஏறிப்போய், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஏறும். கடைசியில் ஏர் ஃபிரையரை வாஷிங் மெஷின் தலையில் உட்கார வைத்து, அங்கேயே சமைத்தேன். முதல் தடவை போட்டது ரப்பராகிவிட்டது. இரண்டாவது தடவை சூட்டைக் குறைத்து, பாதியில் கூடையை இழுத்துக் குலுக்கி, சாஸை மறுபடி புரட்டி உள்ளே தள்ளினேன். ஓரமெல்லாம் கருகினாற்போல் சிவந்து, வெல்லம் பளபளவென்று பிடித்துக்கொண்டது. முடிந்ததும் மெஷின் பீப் பீப் என்று கூப்பிட்டது. "வர்றேன், வர்றேன், இரு" என்றேன் சத்தமாக. சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அந்த வீட்டில் என்னை யாராவது கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆகிறது!

புகை வாசனை வேண்டுமே. ஒரு கரித்துண்டைச் சுட வைத்து, கிண்ணத்தில் போட்டு, நெய் விட்டு, கறியோடு சேர்த்து மூடினேன். அக்கா பெருநாள் பிரியாணிக்குச் செய்வது அது. பார்த்து வைத்திருந்தேன், அவரிடமே காட்டலாம் என்று.

சூடு ஆறுவதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பல் குத்துகிற குச்சிகூட வாங்கி வைத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் அக்கா முகம் மலர்ந்தது. மூக்கால் இழுத்து முகர்ந்தார். "அட, தம் போட்டியா? கள்ளி, எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு." ஒரு குச்சியை எடுத்துத் துண்டைக் குத்தினார். வாய்வரை கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திவிட்டார்.

"எங்க அறுத்தது?" என்றார்.

பிஸ்மி சொல்லி அறுக்காத கறியை அவர்கள் தொட மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவளுக்கு? கடையில் வாங்கினால் கவலையில்லை, எங்கள் தெருவுக்குக் கறி வருகிற கடைகள் எல்லாம் பாய் கடைகள்தான். தம்பி உயிரோடு கொண்டுவருகிற கோழியோ வான்கோழியோ என்றால் காலைக் கட்டிச் சுவருக்கு மேலே நீட்டுவேன். பாய் வாங்கி, கிணற்றடியில் அறுத்து, பாதியை வைத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுப்பார். நான் வெறும் கறியாகக் கொண்டுபோன நாளில் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகக் கேட்பார், "எங்க அறுத்தது தங்கச்சி?" என்று. பிரம்மதேசம் என்றால், "அப்ப உன் பாடு கொண்டாட்டம், நீயே தின்னு" என்று சிரிப்பார். கேட்பது அவர் வேலை. அக்காவும் கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை. நினைக்கிற வேலையை இத்தனை நாளும் அவர் செய்துகொண்டிருந்தார்.

பள்ளிவாசல் தெருவில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அக்கா நம்பியிருப்பார், சாப்பிட்டிருப்பார், நான் கண்ணாரப் பார்த்திருப்பேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் வெட்கம்.

"தம்பி அறுத்தான்கா" என்றேன்.

அக்கா துண்டை மெதுவாகத் தட்டிலேயே வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பிமேல், என்மேல், கடைசியில் செத்துப்போன மனுஷன்மேல். இவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? பாய் இறந்த அன்று எல்லோரோடும் சேர்ந்து அழுதேன்தான். ஆனால் அந்த மனுஷன் இனி இல்லை என்பது எனக்கு உறைத்தது அந்த நிமிஷம்தான். அழுதுவிட்டேன். அக்காவும் அழுதார்.

"அவரு கேக்கற மாதிரியே கேட்டுட்டேன் பாத்தியா" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

நான் தட்டை மூடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். "எங்க எடுத்துட்டுப் போற? உக்காரு. நீ தின்னு, எப்பிடி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

"எனக்கு வேணாம்கா."

"தின்னுடி. ஆசையா கேட்டது நானு. எனக்குத் தெரிய வேணாமா?"

தின்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். இனிக்குதா? லேசா. காரம்? பின்னாடி வருதுக்கா. உள்ளே காஞ்சிருக்கா? இல்ல, மெத்துன்னு இருக்குது. பொக வாசன ஏறிடுச்சா? ம். உப்பு? உப்பு கொஞ்சம் தூக்கல். "உப்பளத்துக்காரிக்கு உப்பு கம்மியாவா விழும்" என்று சிரித்தார். நான் சாப்பிடுவதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, உப்பு காரம் கேட்டு, வருஷக்கணக்காகிவிட்டது. தட்டு காலியானதே தெரியவில்லை. செய்தது அவருக்கு, வயிறாரச் சாப்பிட்டது நான்.

இத்தா முடிந்தது. சொன்னபடியே மறுநாள் வண்டி வந்தது. அக்கா என் தலையில் கை வைத்து ஏதோ ஓதி ஊதினார். மகள் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள், வாரம் ஒருமுறை திறந்து கூட்டச் சொல்லி. கூட்டுகிறேன். கூட்டிவிட்டு அந்தக் கட்டில் பக்கத்தில் தரையில் கொஞ்ச நேரம் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளமெல்லாம் வெறும் தண்ணீர், ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. தீபாவளிக்கு வா என்று தம்பி கூப்பிட்டான், போனேன். வான்கோழி அறுக்கக் கத்தியை எடுத்தவனை நிறுத்தி, உயிரோடு கொடு என்றேன். சாக்கில் கட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே மரக்காணம் வந்து, நேராகப் பள்ளிவாசல் தெருக் கறிக்கடையில் இறங்கினேன்.

கடைக்காரர் என்னையும் சாக்கையும் பார்த்தார். "இன்னாம்மா, உங்க வீட்டுக்குத்தான? தம்பியே அறுத்துக் குடுத்திருப்பாரே."

"பரவால்ல, நீங்களே அறுங்க பாய்" என்றேன்.

அன்று சாயந்திரம் வாஷிங் மெஷின் தலையில் ஏர் ஃபிரையர் ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் போன் போட்டேன். மழை எப்படி, மகள் எப்படி என்றெல்லாம் பேசிவிட்டு, வான்கோழி செய்கிறேன் என்றேன்.

அக்கா, பாய் கேட்கிற அதே ராகத்தில் கேட்டார். "எங்க அறுத்தது தங்கச்சி?"

"பள்ளிவாசல் தெருவுலக்கா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"அப்ப எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வையிடி" என்றார்.

எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்து, டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.