கிழங்கில் செதுக்கிய கூம்பு

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் செந்தூலில் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த வாத்தியாருக்கு உப்பிய கன்னம், எண்ணெய் வழியும் தலை. அரிசி கிடைக்காத அந்த நாட்களிலும் அவர் இளைக்கவில்லை. வடிவங்களைக் கற்பிக்க, அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கனசதுரம், உருளை, கூம்பு என்று எங்கள் முன் செதுக்குவார். ஒவ்வொரு வெட்டுக்கும் விரலை நக்கிக்கொள்வார்.

ஒருநாள், பசியில் துவண்டிருந்த என் பக்கத்துப் பெண் கூம்பின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, "அத நான் எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"பாடத்த யாராச்சும் திம்பாங்களாம்மா? உட்காரு," என்றார் அவர். மணி அடித்ததும் நுனியிலிருந்து அடிவட்டம் வரை அவரே நிதானமாக மென்று தின்றார்.

கூம்பு எப்படியிருக்கும் என்பதை எங்களில் யாரும் மறக்கவில்லை. ஆனாலும் அவரை நல்ல வாத்தியார் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை.