விளம்பரத்தில் வந்த மொட்டைமாடி

புன்னைக்காயலில் கருவாடு விற்கும் சலேத்தம்மாள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. வியாபாரி தராசைத் தூக்கினால் இவள் கண் அவன் விரலில் இருக்கும். கோயில் அசன விருந்தில் சோற்று வாளி வேகமாகத் தாண்டிப் போனால்கூட, 'அடியில என்னத்த ஒளிக்கான்?' என்று எட்டிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளையே ஏமாற்றிவிட்டார்கள், கேளுங்கள்!

பெரிய நடிகர் ஒருவர் தன் பங்களா மாடியில் சோலார் போட்டுவிட்டு, இனிமேல் கரண்டு பில்லே கிடையாது என்று செல்போனில் வந்து சிரித்தார். ஊரெல்லாம் அதே பேச்சு.

"அவரு பில்ல நம்மகிட்டயா காட்டுனாரு?" என்றாள் சலேத்தம்மாள்.

கொஞ்ச நாளில் அந்த சோலார் கம்பெனிக்காரர்களே கேமராவோடு ஊருக்கு வந்தார்கள். விளம்பரத்தில் நடிகரோடு காட்ட ஒரு மீனவர் வீடு வேண்டுமாம். கடலைப் பார்த்த மொட்டைமாடி என்று இவள் வீட்டைப் பிடித்தார்கள்.

"படம் எடுத்தப்பொறவு பேனல் யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா."

"கழத்த மாட்டியளே?"

"மாதா சத்தியமா மாட்டோம்."

மாதாவை இழுத்தபோதே சுதாரித்திருக்க வேண்டும். பாழாய்ப்போன ஆசை விடுமா? மாடியில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியை வாரிக் கீழே கொண்டுபோனாள். நடிகர் ஊர்ப் பக்கமே வரவில்லை. அவரைத் தனியாகப் படமெடுத்து விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இவள் பேனல் பக்கத்தில் நின்று, சொல்லிக்கொடுத்தபடி, "எங்க வீட்டுலயும் போட்டாச்சு, நம்பிப் போடுங்க" என்றாள்.

சாயங்காலமே பேனலைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள். "இது ஷூட்டிங்குக்கு உள்ளதும்மா. உங்களுக்குப் புதுசு வரும்." வருமாம்! இன்றுவரை வரவில்லை. வெளியே சொன்னால் ஊர் சிரிக்குமே என்று வாயை மூடிக்கொண்டாள். மாடிக்கதவையும் பூட்டியே வைத்தாள்.

விளம்பரம் வெளியானது. பக்கத்துத் தெரு ஜெப்ஸி ஓடி வந்தாள்.

"யக்கா, நாளைக்கு சோலார் கம்பெனி ஆள் வாரான். நாங்களும் போடுதோம். கம்மல அடகு வச்சாச்சு."

"அந்த நடிகன நம்பியா, ஏளா?"

"அவன யாரு நம்புனா? எறும்பு போனாலும் எங்கன போகுதுன்னு கேக்குத நீயே போட்டுட்டியே! உன் மூஞ்சியப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரே சம்மதிச்சாரு."

சலேத்தம்மாள் மாடிச்சாவியை எடுத்தாள். மானம் போனால் போகட்டும் என்று ஜெப்ஸியின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். அங்கே நெத்திலியும் நாலு போல்ட் ஓட்டையும்தான் இருந்தன. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

ஜெப்ஸி ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு இவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். சலேத்தம்மாள் ஊரையே அப்படித்தான் பார்ப்பாள். அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"வீடியோவுல இருந்துச்சே! நாங்க போடக் கூடாதுன்னு கழத்தி ஒளிச்சு வச்சிட்டியாக்கா?"

"ஏளா, நாளைக்கு அவன் வரும்போது என்னயும் கூப்பிடு. கேக்க வேண்டியத நான் கேக்கேன்" என்று சலேத்தம்மாள் கெஞ்சினாள்.

"நீ வராதக்கா" என்று சொல்லிவிட்டு ஜெப்ஸி படியிறங்கினாள்.