மச்சான் விற்ற பங்கு

இன்று காலை சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன்.

சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்காமல் சுத்தம் செய்யும் ரோபோக்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கிறேன். வாங்குவது அரசாங்கம் மட்டும்தான். என் மனைவியின் தம்பி முரளி கூட்டாளியாக இருந்தான். போன மாதம் தன் பங்கையும் என்னிடமே விற்றுவிட்டான். நகரியில் எனக்கு ஓடிக்கொண்டிருந்த நான்கு விசைத்தறிகளையும் விற்றுத்தான் வாங்கினேன்.

டெண்டர் பற்றிக் கேட்டதும் கிளார்க் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“தடை ஆர்டர் ஒச்சிந்தி சார், வந்துடுச்சி. வெளிநாட்டு ரோபோவ இனிமே கவர்மெண்ட்ல வாங்கக் கூடாதாம். உங்க பார்ட்னர் ரெண்டு மாசம் முன்னாடியே வந்து காப்பி வாங்கிக்கினு போனாரே, சொல்லலையா?”

திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து முரளிக்கு போன் செய்தேன். இல்லை என்று சாதிப்பான் என நினைத்தேன்.

“தெரிஞ்சுக்கினேதான என் தலையில கட்டின?” என்றேன்.

“சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா மாமா?” என்றான்.

புத்தலப்பட்டு தாண்டும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகச் சொல்கிறாள் என் மனைவி. “அவன் இல்லன்னா இந்தத் தொழிலே உனக்கு ஏது?” என்றும் கேட்டாள். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு ரோபோக்கள் கையில் இருக்கின்றன. தடை அரசாங்கத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை. எங்காவது சாக்கடை அடைத்திருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் இலையில் நான் என்ன பரிமாறுவது என்பதையும் சொல்லுங்கள்.