டி.சி. கேட்டு எழுதிய மனு

அன்று பங்குச் சாமியார் பங்களாவில் இருந்தது ஐந்து பேர். பங்குச் சாமியார், பங்குப் பேரவையிலிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், கோயில் உபதேசியார், என் மனைவி, நான். யாரைப் பற்றிச் சொல்லப் போனோமோ அந்தப் போர்டிங் சாமியார் வரவில்லை. எங்கள் மகனை நாங்கள் கூட்டிப்போகவில்லை. சிங்கம்புணரியில் அவன் மாமன் வீட்டில் விட்டிருந்தோம்.

பள்ளிக்கூடப் போர்டிங்கில் தங்கி ஏழாவது படிக்கிற பிள்ளை. போர்டிங் சாமியார் தன் அறையில் வைத்து என்ன செய்தார் என்பதைத் தாயிடம் மட்டும்தான் சொன்னான். அவள் என்னிடம் பாதிதான் சொன்னாள். மீதியைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. பூசையில் பக்கத்தில் உட்காருவார்களா, பெரியவளை யார் கட்டுவார்கள், மாவு மில்லில் என்னை வைத்திருப்பார்களா என்று ஒன்று மாற்றி ஒன்று. ஆனால் கேட்கப் போனது ஒன்றுதான். நடந்ததை எழுதி ஆயருக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆள் இனிப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது.

என் மனைவி நின்றுகொண்டே முழுவதையும் சொன்னாள். நானும் அப்போதுதான் முழுவதையும் கேட்டேன்.

"பிள்ளைக ஆயிரம் சொல்லும்த்தா. மார்க் கொறஞ்சா சாமியாரையே பேயாக்கிரும்" என்றார் வாத்தியார்.

"ஒங்க பேரன அந்தப் போர்டிங்ல விடுவீகளா சார்?" என்றாள் அவள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபதேசியார் தலை நிமிரவேயில்லை.

"அவர மாத்தியாச்சு. அடுத்த வாரம் போயிருவாரு" என்றார் பங்குச் சாமியார்.

"எங்குட்டு சாமி?"

"அது நமக்கு எதுக்கும்மா?"

"ஆயருக்கு எழுதுவீகளா சாமி?" என்று கேட்டேன்.

"வாயால சொல்லிக்கிறேன். எழுத்துல போனா ஒங்க பையன் பேருதான் கெடும்."

என் பயத்துக்கு அது போதுமானதாக இருந்தது; அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க டி.சி. வேண்டுமே, மனுவைத் தானே எழுதித் தருவதாக வாத்தியார் சொன்னார். நான் ஐந்தாவதோடு நின்றவன். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்தப் போடுங்க" என்று மனைவி முழங்கையைப் பிடித்தாள். வாத்தியார் எழுதியதை அவர் முன்னாலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூச்சமாக இருந்தது. போட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்தான் சத்தமாக வாசித்தார். குடும்பச் சூழ்நிலை காரணமாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மகனைப் போர்டிங்கிலிருந்து அழைத்துக்கொள்கிறோம் என்றிருந்தது. என் மகன் விஷயமாக அவர்களிடம் இருக்கும் காகிதம் அது ஒன்றுதான்.

"நீங்களா நடுவுல நிறுத்துறீக. மிச்சம் ஏழு மாசத்துக்கும் போர்டிங் பீஸ் கட்டுனாத்தான் டி.சி." மாதம் நூற்றிருபது.

"அது காரணமில்ல சார். தப்பா எழுதிட்டாக."

"கையெழுத்து ஒங்களுதுதானே?"

என்னுடையதுதான். மில்லில் அட்வான்ஸ் வாங்கி வைத்திருந்த முந்நூறைக் கொடுத்தேன். டி.சி. வரவில்லை. அந்த வருசம் அவனை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்கவில்லை. அடுத்த வருசம் அவனே போகமாட்டேன் என்றான். போர்டிங் சாமியார் வேறொரு ஊரில், வேறொரு போர்டிங்கைப் பார்த்துக்கொள்வதாக உபதேசியார் பிறகு ஒருநாள் மில்லுக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டு மாவை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் பேரில் பள்ளிக்கூடக் கணக்கில் இன்னும் பாக்கி ஐந்நூற்று நாற்பது ரூபாய்.