திறக்காத புட்டியில் குறைந்த ஒயின்

அப்பா நகரத்தின் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஸ்டூவர்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருக்கு ஒயின் ஊற்றியிருக்கிறார். ஒரு சொட்டு குடித்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே அம்மா தன் தலையில் அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். வீட்டில் நீர்மோர் ஊற்றினாலும் அவருக்கு ஹோட்டல் பழக்கம்தான். ஊற்றி முடித்ததும் பாத்திரத்தின் வாயை வெள்ளைத் துணியால் துடைப்பார், துணியை மூன்றாக மடித்துத் தட்டுக்கு இடப்பக்கம் வைப்பார்.

வேலையின் கடைசி நாளன்று வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் அவருக்குச் சிவப்பு ஒயின் புட்டி ஒன்றைக் கொடுத்தார். சேலையூர் வீட்டு மேஜையில் அதை வைத்து, லேபிளில் இருந்த மலைச்சரிவையும் கல்வீட்டையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த ஒரு சரிவுல வெளையுற திராட்சைதான் இது. பல தலைமுறையா அதே தோட்டம். ஒரே ஒரு கிளாஸ், குடிச்சுப் பாக்கட்டுமா?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நான் செத்தப்புறம் குடிச்சுக்கோங்க."

ஆனால் அப்பாதான் முந்திக்கொண்டார்.

அவர் படத்துக்குக் கீழே புட்டியை நிமிர்த்தி வைத்தோம். பக்கத்திலேயே இரவும் பகலும் எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. மூன்றாம் வருடம் அந்த வெளிச்சத்தில் ஒயின் குறைந்திருப்பதை அம்மா பார்த்தாள். பீரோ கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த பழைய ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, ஒயின் நின்ற மட்டத்தில் ஒட்டினாள். அடுத்த கோடையில் ஒயின் பொட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூடியின் மேலிருந்த உறை கிழியவில்லை.

அன்றிலிருந்து அம்மா தனக்குத் தட்டு வைக்கவில்லை. கேட்டால், "உங்கப்பா சொன்ன சொல்லு தவறாதவர்டி. அவர் குடிக்கிறார்னா நான் செத்துட்டேன்னுதானே அர்த்தம்?" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. இரண்டு வாய் கஞ்சி குடிக்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

அலுவலகத்தில் விவரம் தெரிந்த தோழி சிரித்தாள். "ஒயினப் படுக்க வைக்கணும்ப்பா. நிக்க வச்சா கார்க் காஞ்சு சுருங்கி, ஒயின் ஆவியாப் போயிடும். அதுவும் தாம்பரம் வெயில்ல, கேக்கவே வேணாம்." அம்மாவிடம் சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவின் நினைவு நாளுக்குப் புட்டியைத் திறந்து படைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். குடிக்கிறாரா இல்லையா என்று அம்மா கண்ணாலேயே பார்க்கட்டும். கார்க்கைத் திருகி எடுக்கும் கருவி வீட்டில் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் கார்க்கை உள்ளே தள்ளினேன். புளித்த வாடை குப்பென்று வந்தது. தள்ளிய வேகத்தில் ஒயின் புட்டியின் கழுத்தில் வழிந்தது. வஞ்சிரம் வறுவலும் வடையும் இருந்த இலைக்குப் பக்கத்தில் கண்ணாடி டம்ளர் தளும்ப ஊற்றி வைத்தேன். அப்பாவின் வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் புட்டியை வைத்தேன். எங்கள் வழக்கப்படி, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம். நடுப்பகல். வீட்டில் வேறு யாருமில்லை.

கால் மணி நேரம் கழித்து அம்மா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். நேராக டம்ளரிடம் போய்க் குனிந்தாள். ஒயின் விளிம்பு வரை அப்படியே நின்றது.

"குடிக்கல," என்றாள். இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். "அப்ப நான் இருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி. சோறு போடு," என்றாள்.

எனக்கு அழுகை முட்டியது. இலையை எடுக்கக் குனிந்தேன்.

புட்டியின் கழுத்தில் நான் சிந்தியது இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தது. புட்டி வெறும் தரையில் நின்றது. அடியில் நான் விரித்த துணி மூன்றாக மடிக்கப்பட்டு, சிவப்புக் கறையுடன், இலைக்கு இடப்பக்கம் இருந்தது.

அம்மா கூப்பிடுவதற்குள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, சோறு போடப் போனேன்.