இனி ஒரே ஒரு உறை

கொல்லிமலை எடப்புளி நாட்டுப் பாதையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் மிளகை இறக்கிவிட்டு மலையேறி வந்த ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். "ஏனுங்க, சேதி தெரியாதுங்களா? நம்ம காதர் ராவுத்தர் போயிட்டாருங்க. நேத்தே அடக்கமும் ஆயிப்போச்சு" என்றார். கையில் இருந்த கல்லை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் எங்களை எதிரிகள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். கொல்லிமலையில் பாதையோ பாலமோ, எந்த வேலைக்கு டெண்டர் கேட்டாலும் இரண்டே உறைகள்தான் போகும். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. உறை பிரித்ததும் தோற்றவர் ஜெயித்தவருக்குக் காபி வாங்கிக் கொடுக்க வேண்டும். அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. காபி கிளப்பில் உட்கார்ந்துகொண்டு, "இந்த விலைக்குக் கட்டப் போறீங்களா, இல்ல வரைஞ்சு காட்டப் போறீங்களா கண்ட்ராக்டரே?" என்று கடைசிச் சொட்டு வரை குத்திக்காட்டுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒரு முறை வாழவந்தி நாட்டில் மண் சரியாமல் இருக்க நான் கட்டிய தாங்கு சுவர் அடுத்தடுத்து இரண்டு மழைக்குச் சரிந்துவிட்டது. குறித்த நாளுக்குள் உறுதியாகக் கட்டி முடிக்காவிட்டால் கண்ட்ராக்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாக அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பிழைப்பே போய்விடும். அந்த நேரம் பார்த்து ராவுத்தர் மட்டக்குதிரையில் வந்து இறங்கினார். "வேடிக்கை பார்க்க வந்தீராக்கும்?" என்று சீறினேன். அவர் ஒரு குடம் தண்ணீரை வாங்கி, சரிந்தது போக நின்ற சுவரின் பின்பக்கம் ஊற்றினார். ஒரு சொட்டுகூட முன்பக்கம் வரவில்லை. "தண்ணிக்கு ஓட்டை விட்டீங்களா? நீங்க வழி விடலைன்னா அது சுவரைத் தள்ளிட்டுத்தாங்க போகும்" என்றார்.

பிரித்துக் கட்டத் தொடங்கினேன். அப்போதுதான் என் மடத்தனம் தெரிந்தது. நாள் எண்ணி வேலையை ஒப்புக்கொண்டவன், சாமை அறுப்பு எப்போது என்று மலைக்காரர்களைக் கேட்கவில்லை. கல் சுமந்த பெண்களுக்குத் தலைவியான வெள்ளையம்மா வந்து நின்றார். "சாமை முத்தி நிக்குதுங்க. அதை உட்டுப்போட்டு உங்க சுவரைக் கட்டினா நாங்க என்னத்தைத் திங்கிறது? அறுத்துப்போட்டு வாரோமுங்க." மலையாட்கள் அத்தனை பேரும் போனார்கள். கீழே இருந்து கூட்டிவந்த ஆட்களோ மூன்றாம் நாளே குளிர்காய்ச்சலில் சுருண்டார்கள்.

நான் ஒழிந்திருந்தால் மலை முழுவதும் ராவுத்தருடையது. ஆனால் அந்த மனிதர் தன் வேலையை நிறுத்திவிட்டு, மலைக் காய்ச்சல் வந்து தேறிப் பழகிய தன் கொத்தனார்களோடு வந்து, குறித்த நாளுக்குள் என் சுவரைக் கட்டி முடித்தார். ஏன் என்று கேட்டேன். "நீங்க போயிட்டா நான் இஷ்டத்துக்கு விலை போடுவேன், இஷ்டத்துக்குக் கட்டுவேன். அப்புறம் எவனாவது பெரிய கம்பெனிக்காரன் வந்து என்னை ஊதித் தள்ளிட்டுப் போயிருவான். எதிர்ல ஒரு ஆள் வேணுமுங்க" என்றார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும், "நன்றி கின்றின்னு அடுத்த டெண்டரை விட்டுக் கொடுத்தீங்களோ, உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அதட்டினார். விட்டுக் கொடுக்கவில்லை. நான்தான் ஜெயித்தேன். காபியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, மகானுபாவர்! அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

போன வாரம் பைல் நாட்டுப் பாலத்துக்கு டெண்டர் பிரித்தார்கள். மேசைமேல் என் உறை மட்டும் கிடந்தது. "நீங்க ஒருத்தர்தாங்க. கொஞ்சம் ஏத்திப் போட்டிருக்கலாமே?" என்று குமாஸ்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராவுத்தர் என்ன விலை போடுவார் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் கீழேதான் எழுதியிருந்தேன். இனியும் அப்படித்தான் எழுதுவேன். கட்டுகிற சுவர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை இவைதான்.

அன்று காபி கிளப்பு வாசல் வரை போய், உள்ளே நுழைய மனமில்லாமல் திரும்பிவிட்டேன். ஜெயித்துவிட்டேன், ராவுத்தரே. வந்து காபி வாங்கிக் கொடுங்கள்.